துருப்பூதமும் சுண்ணாம்பு கேட்ட யட்சியும்

ஜூன் 8: ஒரு வாசகரின் கேள்வி

"பகடை உருட்டி, வாயால் கதை சொல்லி ஆடும் சாகச விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய புத்தகங்களில் டிராகன், அரக்கன், பிணம்தின்னி ஆகியவற்றை ஒதுக்கிவிட்டால், மிச்சமிருப்பவை பக்கத்தை நிரப்பச் சேர்த்தவை என்றே தோன்றுகிறது. இரும்பைத் துருவாக்கும் பூச்சி, நகர்ந்து வரும் ஜெல்லிக் கட்டி, பெட்டியாக வேடமிடும் பிராணி ஆகியவற்றை யாராவது உண்மையிலேயே விரும்பி விளையாடினீர்களா? அல்லது இளமையில் பார்த்தது எல்லாமே இனிக்கும் என்கிற கதைதானா?"

ஜூன் 9, இரவு

விரும்பித்தான் விளையாடினோம். எங்கள் குழு டிராகனோடு மோதிய நாட்கள் ஐந்தாறு இருக்கும். அவற்றில் ஒன்றுகூட எனக்கு இப்போது துலக்கமாக நினைவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த இரும்பைத் துருவாக்கும் பூச்சி, எங்கள் பெயரில் துருப்பூதம், வந்த ஞாயிற்றுக்கிழமையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுவரை சொல்வேன்.

1994ஆம் ஆண்டு, பெங்களூரில் வேலை பார்த்த என் அத்தை மகன், 1977இல் வெளிவந்த மான்ஸ்டர் மேனுவல் என்னும் பூதத் தொகுப்பின் 112 பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுவந்தான். இருபது முகப் பகடை எங்கள் பக்கத்தில் கிடைக்கவில்லை. ஆகவே இருபது புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கத்தைத் திண்ணையில் வெள்ளை தெரியத் தேய்த்து, சூடேற்றிய ஊசியால் 1 முதல் 20 வரை எண்களைக் கீறி, பாட்டியின் சுருக்குப்பையில் போட்டுக் குலுக்கி எடுப்போம். எடுத்த கொட்டையைத் திரும்பப் பையிலேயே போட்டுவிட வேண்டும். அரிசி ஆலையின் பின்திண்ணைதான் களம். தமிழ்ப் பள்ளியில் படித்த மூவர், மலையாளப் பள்ளியில் படித்த ஒருவர், இவர்களோடு எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவரான ஆலையின் கணக்குப்பிள்ளை. அவரைக் கணக்கண்ணன் என்று அழைப்போம். நான்தான் ஆட்டத்தை நடத்தினேன்: இடத்தையும் பூதங்களையும் விவரிப்பது என் வேலை, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவார்கள்.

கணக்கண்ணன் வீரனாக ஆடினார். தகட்டுக் கவசத்தின் விலை 400 பொற்காசு. அதைச் சேர்க்க அவர் நான்கு மாத ஞாயிறுகளைச் செலவிட்டார். வரவு செலவை ஆலையின் பழைய பேரேட்டில் உண்மையாகவே எழுதி வைத்தார். கவசத்தை வாங்கிய மறுவாரம், சுரங்கத்தின் திருப்பத்தில் ஒரு சிறு ஜந்து அவரை நோக்கிக் குதித்து வந்து, மீசை போன்ற உணர்கொம்பால் மார்பைத் தொட்டது. கவசம் செம்பொடியாக உதிர்ந்தது. கோபத்தில் வாளை ஓங்கினார், வாளும் போயிற்று. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கண்ணு, இன்னொரு வாட்டி கொட்டை எடுத்துக்கலாமா?" என்று என்னைக் கேட்டார்.

டிராகன் அவரைக் கொன்றிருந்தால் புதிய ஆளை எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வந்திருப்பார். துருப்பூதம் அவரை உயிரோடு விட்டுவிட்டு, பேரேட்டை மட்டும் எரித்துவிட்டுப் போனது.

ஜூன் 9, சற்றுப் பின்

கேட்டவர்களுக்காக: கொழிஞ்சாம்பாறை இருப்பது பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில். ஆந்திரச் சித்தூர் வேறு. கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சி வட்டாரம் வந்துவிடும். ஒரு காலத்தில் அந்தச் சித்தூருக்கு அனுப்பிய கடிதங்கள் இந்தச் சித்தூருக்கு வருவதும் உண்டு, எனவே இந்தக் குழப்பம் எங்களுக்குப் பழக்கமானதே.

ஜூன் 11

துருப்பூதத்தின் படத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். வாலின் நுனியில் மின்விசிறி இறக்கை போல ஒன்று ஏன் இருக்கிறது? எந்தப் புராணத்திலும் அதற்கு விடை கிடைக்காது. இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்றை வாங்கி, அதிலிருந்த உருவம் தெரியாத பிராணிகளை மேசையில் நிறுத்தி ஆடினார். துருப்பூதம், ஆந்தைக்கரடி, தரைக்கடியில் நீந்தி வந்து கடிக்கும் புலெட் ஆகியவை அந்தப் பையிலிருந்து வந்தவை. பொம்மைக்கு வாலில் இறக்கை இருந்தது. ஆகவே பூதத்துக்கும் இருக்கிறது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு சித்தூர்க் காவின் கொங்கன் படைத் திருவிழா ஞாபகம் வந்தது. கும்ப மாதத்தில் நடக்கும் அந்த விழாவின் போர் நடிப்பில் கொங்கப் படை ஆண்டுதோறும் தோற்கும். கொங்குத் தமிழ் பேசும் நாங்களும் ஆண்டுதோறும் போய்க் கைதட்டிவிட்டு வருவோம். அங்கே கடை பரப்புபவரிடம் "டைனோசர் பாக்கெட்" வாங்கினால், அதில் ஒன்றாவது எந்த டைனோசரும் அல்லாத ஏதோ ஒன்றாக இருக்கும். எங்கள் புலெட்டும் அப்படி வந்ததுதான்: பச்சை நிறம், ஆமை முதுகு, மூக்கில் கொம்பு, வயிற்றில் அச்சுப் பிசிறு. அதற்கு என்ன பெயர் என்று திருவிழாவிலிருந்து வீடு வரும் வரை சண்டை போட்டிருக்கிறோம். கைகாக்ஸும் அதையேதான் செய்தார், சற்றுப் பொறுப்பாகச் செய்தார்.

ஜூன் 12

முந்தைய குறிப்புகளைப் படித்தால் இவை எல்லாம் 1977இல் பிறந்தவை என்று நான் சொல்வதாகத் தோன்றுகிறது. அது தவறு. விளையாட்டு 1974இல் வந்தது. துருப்பூதமும் ஆந்தைக்கரடியும் 1975இல் வந்த கிரேஹாக் என்னும் துணைநூலிலேயே இருந்தன. புலெட் 1976இல் தி டிராகன் இதழின் முதல் எண்ணில் வந்தது. 1977ஆம் ஆண்டுப் புத்தகம் அவற்றையெல்லாம் கெட்டி அட்டைக்குள் தொகுத்தது.

இன்னொரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். மந்திர ஆயுதங்களுக்குத் துருவிலிருந்து தப்பும் வாய்ப்பு உண்டு: ஆயுதத்தின் மந்திர வலிமை +1 என்றால் 10 சதவீதம், +2 என்றால் 20 சதவீதம் என்று கூடிக்கொண்டே போகும். எங்கள் ஜெராக்ஸில் அந்த வரி விளிம்போடு வெட்டுப்பட்டிருந்தது. கணக்கண்ணனின் இரண்டாவது வாள் +2. அவருக்கு நான் ஒரு கொட்டை கடன்பட்டிருக்கிறேன்.

ஜூன் 15, காலை

நகர்ந்து வரும் அந்த ஜெல்லிக் கட்டி, அதாவது ஜெலட்டினஸ் க்யூப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். பாதாள நடைபாதைகளில் நகர்ந்து, கிடக்கும் பிணங்களையும் குப்பையையும் கரைத்துத் தின்னும். கரையாத காசும் உலோகமும் உள்ளேயே மிதக்கும். தொட்டால் உடல் மரத்துப்போகும். நாங்கள் அதை "நுங்கு" என்றுதான் அழைத்தோம். பனைமரங்களுக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றியிருக்க வழியில்லை. "முன்னால் ஒரு வெள்ளிக்காசு அந்தரத்தில் நிற்கிறது" என்று நான் சொன்ன உடனே, சித்தூர்ப்புழை ஓரத்தில் வளர்ந்த எங்கள் திருடன், "நுங்கு, நுங்கு, பின்னாடி வா" என்று கத்தினான்.

ஏன் சரியாகப் பத்தடி? கிராஃப் தாளில் ஒரு கட்டத்துக்குப் பத்தடி என்பது அந்தக் காலத்து வழக்கம். சுரங்க நடைபாதையும் ஒரு கட்டம் அகலம். நுங்கு அந்தக் கட்டத்தை இடைவெளியின்றி அடைத்துக்கொண்டு வருகிறது. காட்டிலோ மலையிலோ இப்படி ஒரு பிராணி உருவாவதற்குக் காரணமே கிடையாது. கிராஃப் தாளில் மட்டும் உண்டு. விளையாட்டின் வரைபடமே எழுந்து நம்மைத் தின்ன வருவது போன்ற அந்த அசட்டுத் துணிச்சல் எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது.

ஜூன் 15, இரவு

காலையில் எழுதியதைத் தொடர்ந்து யோசித்ததில் ஒரு கருத்து திரண்டது. இந்த விசித்திர ஜந்துக்களில் பெரும்பாலானவை ஆட்டக்காரரின் ஏதாவது ஒரு பழக்கத்தைக் குறிவைத்துச் செய்தவை. கனமான கவசம் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துபவனுக்குத் துருப்பூதம். பெட்டியைக் கண்டதும் ஓடுபவனுக்கு, பெட்டியாகவே இருக்கும் மிமிக். மேலே பார்க்காமல் நடப்பவனுக்கு, கூரையிலிருந்து தொங்கும் கல்லாக நடித்துத் தலையில் விழும் பியர்ஸர்.

இவற்றில் மிகக் கேவலமானது இயர் சீக்கர். மரக்கதவில் குடியிருக்கும் சிறு பூச்சி. திருடன் கதவில் காதை வைத்து ஒட்டுக் கேட்கும்போது உள்ளே புகுந்து முட்டையிடும். பெரும்பாலும் ஆள் பிழைப்பதில்லை. ஒவ்வொரு கதவிலும் காது வைப்பது எங்கள் திருடனின் வழக்கமாக இருந்தது. நான் அந்தப் பூச்சியை ஒரே ஒரு முறைதான் விட்டேன். அடுத்த வாரம் அவன் தன் சாமான் பட்டியலில் "மண்ணெண்ணெய்ப் புனல் ஒன்று, வாயில் கொசுவலைத் துணி கட்டியது" என்று எழுதிக்கொண்டு வந்து, அதைக் கதவில் வைத்துக் கேட்பதாக அறிவித்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பூதம் ஆட்டக்காரனைக் கெட்டிக்காரனாக்கியதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஜூன் 19

"மிமிக் போன்றது அநியாயம், எந்தப் பெட்டியையும் தொட முடியாமல் பத்தடிக் கோலால் குத்திக்கொண்டே திரிய வேண்டியதாகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான குறை. எங்கள் குழுவிலும் இந்தச் சண்டை வந்தது. அதைத் தீர்த்துவைத்தது மலையாளப் பள்ளியில் படித்த நண்பனின் பாட்டி.

பாலக்காட்டுப் பக்கம் ஒடியனைத் தெரியாதவர் கிடையாது. இருட்டில் காளையாகவோ எருமையாகவோ உருமாறி வழிப்போக்கனை மறிப்பவன். ஆனால் அவன் உருமாற்றம் ஒருபோதும் முழுமையாக அமையாது. காளைக்கு வால் இருக்காது, அல்லது ஒரு கால் குறையும். கூர்ந்து பார்க்கிறவன் பிழைத்துக்கொள்வான். இதைப் பாட்டி சொல்லக் கேட்டுவிட்டு வந்த நண்பன், "நம்ம மிமிக்குக்கும் வால் இருக்கக் கூடாது" என்றான். அன்றிலிருந்து எங்கள் ஆட்டத்தில் மிமிக் எந்த வடிவம் எடுத்தாலும் அதில் ஒன்று குறையும் என்று சட்டம் செய்தோம்: சாவித்துளை இல்லாத பூட்டு, கீல் இல்லாத மூடி, நிழல் விழாத கதவு. நான் விவரிக்கும்போது அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர்கள் கவனிக்காவிட்டால் அது அவர்கள் பாடு. புத்தகத்தைவிட எங்கள் சட்டம் மேலானது என்று இன்றும் வாதிடுவேன்.

ஜூன் 22

ஜூன் 15 இரவு நான் எழுதிய கருத்தை இப்போது பாதி திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. காரணம், ஃப்ளம்ப்.

1981இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஃபீண்ட் ஃபோலியோ என்னும் தொகுப்பில் இருக்கும் ஜந்து அது. வட்டமான தட்டு உடல், அடியில் தொங்கும் விழுதுகள், காற்றில் மிதக்கும் சுபாவம். சட்டத்துக்கும் நன்மைக்கும் கட்டுப்பட்ட பரம சாது. அச்சமூட்டினால் நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும். கவிழ்த்துப் போட்டால் எழுந்திருக்க முடியாது. நாங்கள் அதற்கு "ஆப்பம்" என்று பெயர் வைத்தோம். எந்தப் பழக்கத்தை இது தண்டிக்கிறது? எதையும் இல்லை. யாரையும் மிரட்டவும் இல்லை. வருடக்கணக்கில் எல்லோரும் கேலி செய்தார்கள். 2014ஆம் ஆண்டுப் பதிப்பு அதைத் திரும்ப அழைத்து, மூளைதின்னிகளின் அருகில் வாழ்ந்து அவற்றின் மனோசக்தியை உறிஞ்சிக்கொள்ளும் நல்ல ஜீவனாக உட்காரவைத்தது.

எங்கள் ஆட்டத்தில் ஓர் ஆப்பம் கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் எதிரிகள். கணக்கண்ணன் தன் முறையை முழுதாகச் செலவழித்து அதை நிமிர்த்திவிட்டார். "பாவம், அதுக்குக் கை இல்லையே" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். ஆகவே, பழக்கத்தைத் தண்டிப்பவை என்று நான் கட்டிய கோட்டைக்கு ஒரு பக்கச் சுவர் இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

அதே தொகுப்பின் நில்பாக் என் கருத்துக்குத் துணை வருகிறது. கோப்ளின் என்ற ஆங்கிலப் பெயரைத் தலைகீழாக எழுதியது அது. வெட்டினால் அதன் காயம் ஆறும்; காயம் ஆற்றும் மந்திரத்தைச் செலுத்தினால் அது சாகும். சண்டை என்றால் வெட்டு என்று பழகியவர்களுக்கு, வைத்தியம் பார்த்துக் கொல்ல வேண்டிய எதிரி! அதன் அருகில் வருபவர்கள் தம் செல்வத்தையெல்லாம் அதன் அறையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பவும் கூடும் என்று புத்தகம் சொல்கிறது. எங்கள் பூசாரி தன்னிடமிருந்த ஒரே வைத்திய மந்திரத்தை அதன்மேல் செலவழித்தான். பிறகு அவனுக்குக் காயம்பட்டபோது அவனைக் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை.

ஜூன் 23

தமிழில் ஏன் இப்படி ஒன்றைச் செய்யவில்லை என்று கேட்பவருக்கு: செய்து பார்த்தோம். பூதத்தைத் திருப்பினால் "ம்தபூ" வருகிறது. அதைச் சொல்லி எதிரியை அழைக்க முயன்றவன் தும்மியதாகவே மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஜூன் 28

ராட்சசனைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சை முடிக்க விடமாட்டீர்கள் போலிருக்கிறது. ஆம், 1977ஆம் ஆண்டுப் புத்தகத்தில் நம் ராட்சசன் இருக்கிறான்: புலித்தலை, சீமான் வீட்டு அங்கி, கையில் புகைக்குழாய். உள்ளங்கை புறங்கையாகத் திரும்பியிருப்பது பின்னாளில் அவனுடைய நிரந்தர அடையாளமாயிற்று. எதிரிக்கு வேண்டியவரின் உருவத்தில் தோன்றி நெருங்குவான். மந்திரமற்ற ஆயுதம் அவனைத் தீண்டாது. பூசாரி ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் உடனே சாவான். இதே ஆசீர்வதித்த அம்பும், நம்பிக்கைக்குரியவரின் முகமும் 1974இல் ஒளிபரப்பான ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ராட்சசக் கதையில் இருக்கின்றன. வால்மீகியிலிருந்து அவன் நேராக அங்கே போய்ச் சேரவில்லை.

எனக்குக் கோபம் வந்ததா என்று ஒருவர் கேட்கிறார். வரவில்லை. சிவப்புத் தாடி வைத்த கதகளி அரக்கன் விளக்கொளியில் அலறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அங்கி போட்டுக்கொண்டு நாற்காலியில் சாயும் புலி சிரிப்பைத்தான் தந்தது. என் பெரியம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னடா, புலி வக்கீலுக்குப் படிச்சிருக்குதா?" என்று கேட்டார். அதன்பிறகு எங்கள் ஆட்டத்தில் ராட்சசன் எப்போது வந்தாலும் வழக்கு பேசித்தான் வந்தான்.

ஜூலை 4

கடைசியாக அந்த ஆட்டத்தைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் ஒரு மாதமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன் என்று இப்போது படுகிறது.

யட்சியைப் பற்றி எங்கள் பக்கம் சொல்வது இது: இரவில் கரிம்பனையின் அடியில் வெள்ளை உடுத்து நிற்பாள், தனியே வருபவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், கையால் கொடுத்தவனின் நகமும் முடியும்தான் காலையில் கிடைக்கும். இரும்புக்கு அவள் அஞ்சுவாள். கத்தி முனையில் வைத்து நீட்டினால் தப்பலாம். மந்திரவாதிகள் அவளைக் காஞ்சிர மரத்தில் இரும்பாணி அறைந்து கட்டிவைப்பார்கள். காஞ்சிரம் என்பது நம் எட்டி மரம்தான்.

துருப்பூதத்தையும் யட்சியையும் ஒரே இரவில் விடலாம் என்று எனக்குத் தோன்றியது. கணக்கண்ணன் அதற்குள் பாடம் கற்றிருந்தார்: சுரங்கத்தில் துருப்பூதத்தின் தடம் தெரிந்ததும் கவசம், வாள், ஆணி, கொக்கி எல்லாவற்றையும் சத்திரத்தில் வைத்துவிட்டு, தோலாடையும் மூங்கில் தடியுமாக வந்தார். மற்றவர்களையும் அப்படியே வரச்செய்தார். துருப்பூதம் அவர்களை முகர்ந்து பார்த்துவிட்டு அலட்சியமாகக் கடந்து, மேலே ஏறி, காட்டுக்குள் போனது. நால்வரும் சிரித்தார்கள். அது எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. "தூரத்தில் ஓர் எட்டி மரம், அதில் ஏதோ பழைய ஆணி" என்று முந்தைய வாரமே விவரித்திருந்தேன்.

திரும்பி வரும் வழியில் பனையடியில் ஒரு பெண் நின்றாள். "கொஞ்சம் சுண்ணாம்பு தருவீங்களா?" என்றேன், அவள் குரலில். கணவாய்க் காற்று அன்று பலமாக வீசியது, மின்சாரம் இல்லை, அரிக்கேன் விளக்கு மட்டும். கணக்கண்ணன் நிஜத்திலேயே வெற்றிலை போடுபவர். கேட்ட மாத்திரத்தில், யோசனையே இல்லாமல், இடுப்பிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை எடுத்துத் திறந்து, சுட்டுவிரலில் சுண்ணாம்பைத் தொட்டுவிட்டார். "அண்ணா, குடுத்துராதீங்க" என்று திருடன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். விரல் நுனியில் வெள்ளையோடு அவர் அப்படியே இருந்தார். பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது: கத்தி முனை வேண்டும், நால்வரிடமும் ஒரு குண்டூசி இரும்பு கிடையாது, விட்டுவிட்டு வரச் சொன்னது அவர்தான்.

"கண்ணு, டப்பா காலின்னு பொய் சொல்லலாமா?" என்று கேட்டார். எட்டோ அதற்கு மேலோ வந்தால் அவள் நம்புவாள் என்றேன். அவர் பையில் கைவிட்டு எடுத்தது 6. வீரன் அன்றிரவு இறந்தான். அவருக்கு வேறு ஆள் எழுத மனமில்லை. ஆறு வாரம் வரவில்லை.

ஜூலை 6

நேற்று திருடனாக ஆடியவன் மஸ்கட்டிலிருந்து அழைத்தான். அது 6 அல்ல, 9 என்று முப்பது வருடமாகக் கணக்கண்ணன் சொல்லிவருவதை நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டான். உண்மைதான். எண் புரளாமலிருக்க 6க்கும் 9க்கும் அடியில் ஒரு கோடு கீறியிருந்தோம். அரிக்கேன் வெளிச்சத்தில் கோட்டைப் பார்த்து 6 என்று தீர்ப்புச் சொன்னவன் நான்.

சுருக்குப்பை என்னிடம்தான் இருக்கிறது. இன்று காலை கொட்டைகளை வெயிலில் பரப்பி, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஆட்டத்துக்கு முன் எண்ணும்போது 9 ஒன்றும் 6 ஒன்றும் இருக்கும். இப்போது அந்தக் கொட்டையில் கோடு இரண்டு: ஒன்று கீழே, ஒன்று மேலே. கீழே உள்ளது ஊசி சுட்ட கருங்கோடு. மேலே உள்ளது நகத்தால் கீறியது போல மெலிதாக இருக்கிறது. பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது.